சம்பள நாள் பொட்டலம்

சம்பளம் போடும் நாளன்று எங்கள் லயத்தில் பிள்ளைகள் யாரும் சீக்கிரம் படுக்க மாட்டோம். மலேசியாவில், கெடா மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கை பட்டாணி டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் பால் வெட்டப் போவார்கள். மாதம் முழுக்க வெட்டிய பாலுக்கு வந்த கூலியில் மளிகைக் கடைப் பாக்கி போக மிஞ்சியதை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அன்று மாலை அப்பா குளித்துத் தலை சீவி, கப்சாய் மோட்டார் சைக்கிளை உதைத்து டவுனுக்குக் கிளம்புவார். திரும்பி வரும்போது கைப்பிடியில் ஒரு நாசி கண்டார் பொட்டலம் தொங்கும். வீட்டில் நாங்கள் ஆறு பேர். பொட்டலம் ஒன்று.

உள்ளே வாழையிலை, வெளியே செய்தித்தாள், குறுக்கே ரப்பர் வளையம். அம்மா அதைத் தரையில் வைத்துப் பிரிக்கும்போது சுற்றி உட்கார்ந்திருப்போம். கோழிக் குழம்பும் மீன் குழம்பும் பருப்பும் ஒன்றோடொன்று கலந்து சோற்றில் ஊறியிருக்கும். கடையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் சூட்டில் இலை வாடி, அதன் வாசமும் சோற்றில் ஏறியிருக்கும். அம்மா அதை நேராக எங்கள் தட்டில் வைக்க மாட்டார். முதலில் வீட்டில் வடித்த சோற்றை எனாமல் பேசினில் கொட்டி ஆற விடுவார். அதன் நடுவே பொட்டலத்துச் சோற்றைக் கவிழ்ப்பார். பொரித்த கோழித் துண்டை நார் நாராகப் பிய்த்து மேலே தூவுவார். இருக்கிற வெண்டைக்காயைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவார். பிறகு கை நிறைய அள்ளி, கீழிருந்து மேலாக, ஒரு பருக்கையும் வெள்ளையாக நிற்காதபடி பிசைவார். எங்களுக்கெல்லாம் உருட்டிக் கொடுத்த பிறகு, இலையில் ஒட்டியிருக்கும் குழம்பை ஒரு பிடிச் சோற்றால் வழித்து எடுப்பார். அந்தப் பிடிதான் அவர் பங்கு.

நான் இப்போது வசிக்கும் பெர்த்தில் என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகம் வாடிப் போகிறார்கள். இரக்கப்பட இதில் ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குப் புரிய வைக்கத்தான் பாடுபடுகிறேன். நாங்கள் வயிறு நிறைந்துதான் எழுந்தோம். அந்த ருசிக்காகக் கடையில் ஒரு சமையற்காரரும் வீட்டில் ஒரு சமையற்காரியும் உழைத்திருந்தார்கள். கடைக் குழம்பு எவ்வளவு தூரம் தாங்கும், அதற்கு எவ்வளவு சோறு சேர்க்கலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அம்மாவின் கைக்குத் தெரியும். அளவு மிஞ்சினால் சோறு சப்பென்று ஆகிவிடும். ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

இப்போது ஊருக்கு வந்தால் அண்ணன் வீட்டு மேசையில் ஆளுக்கு ஒரு பொட்டலம். அதற்கு மேல் கணவாய் தனியாக ஒன்று, மீன் முட்டை ஒன்று, அண்ணிக்குப் பிடித்த பாகற்காய் ஒன்று. ஒரு துண்டுக் கோழியும் கொஞ்சம் காயும் வைத்தால் 12 வெள்ளி, 15 வெள்ளி. பெரிய இறாலைக் கை காட்டினால் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது. வாழையிலை போய், உட்புறம் பிளாஸ்டிக் பூசிய பழுப்புத் தாள் வந்துவிட்டது. அந்தத் தாளில் சோறு வேர்க்கும். இலையில் வேர்க்காது. பார்சல் சாப்பாட்டில் நான் இழந்ததாக நினைப்பது இந்த ஒன்றைத்தான், அதுவும் சின்ன இழப்பு இல்லை. மற்றபடி, ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் ஒரு முழுக் கோழித் தொடை இருப்பதைப் பார்க்க எனக்கு நிறைவாகவே இருக்கிறது. பழைய காலத்தை உயர்த்துவதற்காக யாரும் குறைவாகச் சாப்பிட வேண்டியதில்லை.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இனிப்புநீர் இருக்கிறது. ரைஸ் குக்கரிலிருந்து அரைக் கிண்ணம் சோறு எடுத்துக்கொண்டு, அண்ணன் பொட்டலத்திலிருந்து ஒரு கரண்டிக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்வார். அன்றைக்கு எங்களுக்காகக் குறைத்துக்கொண்டவர் இன்றைக்கு மருத்துவர் சொல்லிக் குறைத்துக்கொள்கிறார். எல்லாம் வாங்க முடிகிற காலம் வந்த பிறகும் அவர் பங்கு அதே ஒரு பிடிதான் என்பதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. அவரோ, “காரம் கொஞ்சம் கூட இருக்கு, மத்தபடி நல்லாருக்கு” என்று விமர்சனம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-இல் நாடு முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். வெள்ளைச் சோறும் பால்டின் தேத்தண்ணியும் எங்கள் தாத்தா பாட்டிகளைத் தாங்கின. அவர்கள் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை வாளியைச் சுமந்து மரத்துக்கு மரம் நடந்தார்கள். நடை நின்றுவிட்டது, சோறும் பாலும் நிற்கவில்லை. இப்போது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தே தாரிக் கேட்கும்போதே “கூராங் மானிஸ்” என்று சேர்த்துச் சொல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. இனிப்பைக் குறைக்கச் சொன்னால் முன்பெல்லாம் கலக்குபவர் முகத்தைச் சுளிப்பார். இன்று அவராகவே கேட்கிறார். நல்ல மாற்றம், முப்பது வருஷத்துக்கு முன்பே வந்திருந்தால் அப்பா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

பொட்டலம் என்றால் நாசி லெமாக்கையும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து எல்லையை ஒட்டி ஒரு மலாய்க் கிராமம். அங்கிருந்து நாங்கள் மாக் சிக் என்று அழைக்கும் ஒரு மலாய்ப் பெண்மணி கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காலையில் லயத்துப் பக்கம் வருவார். வாழையிலையைக் கூம்பாக மடித்த பொட்டலம், ஒன்று 20 காசு. தேங்காய்ப்பாலில் பாண்டான் இலை போட்டு ஆக்கிய சோறு, ஒரு கரண்டி சம்பல், நாலைந்து நெத்திலி, வெள்ளரிக்காய் ஒரு வில்லை, அவித்த முட்டையில் கால் பாகம். அளவில் கைக்குள் அடங்கும் பொருள்தான். பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை அதன் மணம் விரலில் இருக்கும்.

அந்தச் சம்பலை அம்மா அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். காய்ந்த மிளகாயை ஊற வைத்து அம்மியில் அரைக்க வேண்டும். எண்ணெயில் போட்ட பிறகு அவசரப்படக் கூடாது. எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு முன் இறக்கினால் மிளகாயின் பச்சை வாடை போகாது. இவ்வளவும் மாக் சிக் சொன்னது. வெங்காயத்தோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உருவிப் போட்டது மட்டும் அம்மாவின் சொந்த யோசனை. அதைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்குக் கறிவேப்பிலை இல்லாத சம்பல் எங்கே சாப்பிட்டாலும் ஏதோ குறைவதாகவே தோன்றும். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும், நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து கெத்துப்பாட் வரும். மாக் சிக் ஒரு தடவை அம்மாவின் சம்பலை ருசி பார்த்துவிட்டு, கறிவேப்பிலையை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினார்.

2024 டிசம்பரில் மலேசியாவின் காலைச் சாப்பாட்டுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றின் பெயரும் அதில் அடிபட்டது. பல இனத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அடுத்தவர் உணவைத் தன் உணவாகச் சாப்பிடுவதுதான் அங்கே கௌரவிக்கப்பட்டது. செய்தியைப் பெர்த்தில் படித்தபோது என் கண்ணில் வந்து நின்றது அந்தக் கூடைச் சைக்கிள்தான். பாரிசில் தலைமையகம் வைத்திருக்கும் ஓர் அமைப்பு எங்கள் லயத்து வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதுபோல மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் லயம் இல்லை. முதலில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் தள்ளிவிட்டுத் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி கட்டினார்கள். கெடாவிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் எத்தனையோ தோட்டங்களுக்கு இதே கதிதான். தோட்டத்தோடு வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் பட்ட பாட்டை இங்கே இரண்டு வரியில் சொல்லி முடிக்க எனக்கு மனம் இல்லை. அது தனியாக எழுத வேண்டியது. அண்ணன் வீடு இருப்பது அப்படிக் கட்டிய தாமான் ஒன்றில். பழைய மாரியம்மன் கோயில் மட்டும் சுற்றுச்சுவரோடு அப்படியே இருக்கிறது. தாமான் முகப்பில் குடை விரித்து நாசி லெமாக் விற்பவர் அதே மாக் சிக்கின் மருமகள். மாமியாரைப் பற்றிக் கேட்டேன். காலமாகிவிட்டார் என்றார். “உங்க அம்மா சம்பலில் இலை போடுவாங்கதானே” என்று மலாயில் கேட்டார். அந்த வீட்டிலும் இது பேசப்பட்டிருக்கிறது! அவர் சம்பலில் சீனி ஏறியிருக்கிறது. இளசுகள் அப்படித்தான் கேட்கிறார்கள் என்றார். எனக்கு அது ஒத்துவரவில்லை. காரமும் புளிப்பும் நின்று பேச வேண்டிய இடத்தைச் சீனி மூடிவிடுகிறது. சோறு மட்டும் பழைய சோறேதான், பருக்கை பருக்கையாக, தேங்காய்ப்பால் திகட்டாமல்.

ரொட்டிக்காரர் இன்னும் வருகிறார். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் நொறுக்குத் தீனிப் பாக்கெட்டுகள் தோரணமாகத் தொங்க, அதே ஊதுகுழல் சத்தம். இடியப்பம் விற்கும் வண்டியும் சாயங்காலம் வருகிறது. தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் தூவித்தான் தருகிறார்கள். இவை மாறவில்லை, மாறவும் வேண்டாம்.

பினாங்குக்கு ஒரு நாள் போய் வந்தோம். சின்ன வயதில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிப் போவதே பாதித் திருவிழா. 1985-இல் பாலம் திறந்த பிறகும் அப்பா ஃபெரியைத்தான் விரும்புவார். கார்களை அடித்தளத்தில் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போகும் அந்தப் பெரிய படகுகளை நிறுத்திவிட்டார்கள். 2023-லிருந்து ஓடும் புதுப் படகுகளில் நடந்து வருபவர்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மட்டுமே இடம். வேகமாகப் போகிறது, குளிர்சாதனம் இருக்கிறது. கடல் காற்று முகத்தில் அடிப்பதில்லை.

அப்போது அத்தை குடும்பம் ஜார்ஜ் டவுனில் லெபோ குயின் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தது. கீழே சீனர் நடத்திய கோப்பிக் கடை, அதன் முகப்பில் லக்சா விற்கும் ஒரு சீன முதியவர், அப்பெக். நாங்கள் போய் இறங்கியதும் அத்தை தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்துக் கீழே அனுப்புவார். அப்பெக் வெள்ளை லக்சாவைக் கொதிநீரில் முக்கி எடுத்துச் சட்டியில் போட்டு, சாற்றை ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி வடிப்பார். சூடு உள்வரை இறங்க வேண்டுமாம். கெம்போங் மீனை அவித்து முள் எடுத்து உதிர்த்த சாறு, புளிப்புக்கு அசாம் கெப்பிங், மணத்துக்குக் கந்தான் பூவும் கெசும் இலையும். மேலே வெள்ளரி, வெங்காயம், அன்னாசி, புதினா. கடைசியில் கரண்டி நுனியில் கறுப்பாக இறால் விழுது. தூக்குச்சட்டியோடு மாடிப்படி ஏறும்போதே வாயில் நீர் ஊறும். பெர்த்தில் இதைச் செய்து பார்க்கிறேன். மீன் கிடைக்கிறது, புளி கிடைக்கிறது, கந்தான் பூ கிடைப்பதில்லை. அது இல்லாத சாறு நல்ல மீன் ரசமாகிறது, லக்சா ஆவதில்லை.

பழைய வீடுகளின் வாடகையை உயர்த்த விடாமல் வைத்திருந்த சட்டம் 1999-ஆம் ஆண்டோடு முடிந்தது. அத்தை வீட்டு வாடகையும் அப்பெக்கின் கோப்பிக் கடை வாடகையும் அதற்குப் பிறகு கட்டக்கூடிய நிலையில் இல்லை. அத்தை தீவின் உள்பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். அப்பெக் எங்கே போனார் என்று சில காலம் யாருக்கும் தெரியவில்லை. 2008-இல் ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. இப்போது அந்தக் கடைவீடு அழகாகச் சுண்ணாம்பு பூசி, மரச் சன்னலுக்குப் பச்சை வர்ணம் அடித்துத் தங்கும் விடுதியாக இருக்கிறது. சுவரைக் காப்பாற்றினார்கள்; அதற்கு நன்றி சொல்ல வேண்டும், இல்லையென்றால் அங்கே கார் நிறுத்தும் இடம்தான் இருந்திருக்கும். சுவருக்குள் சமைத்தவர்களையும் அந்த வாடகையிலேயே இருத்தியிருந்தால்தான் அது முழுப் பாதுகாப்பு. அப்பெக்கின் மகன் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் அதே லக்சாவைப் போடுகிறார் என்பதை அத்தை மகள்தான் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாள். அங்கே போய்ச் சாப்பிட்டோம். ஊற்றி வடிக்கும் முறை தப்பவில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

எதற்காக இவ்வளவும் சொல்கிறேன் என்றால், அண்ணனுக்கும் எனக்கும் நடந்த ஒரு வாக்குவாதத்துக்காக.

அண்ணன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மாமாக் கடை. காலையில் ரொட்டிக் கல் முன்னால் நிற்பவர் பங்களாதேஷ்காரர். கொமில்லா பக்கத்திலிருந்து வந்து வருஷங்கள் ஆகின்றன. மலாயை வாடிக்கையாளர்களிடமும் தமிழை முதலாளியிடமும் கற்றிருக்கிறார். “அக்கா, கோசோங்கா, தெலூரா?” என்று, வெறும் ரொட்டியா முட்டை ரொட்டியா எனக் கேட்பார். முந்தின இரவே மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, மார்ஜரினில் ஊற வைத்துவிடுவார். காலையில் ஓர் உருண்டையை எடுத்து எண்ணெய் தடவிய மேசையில் உள்ளங்கையால் அழுத்தி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி இரண்டு வீச்சு. அடியில் இருக்கும் மேசை தெரிகிற அளவு மாவு மெலிந்துவிடும். காற்றை உள்ளே அடைத்து மடித்துக் கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்து, சூடு ஆறுவதற்குள் இரண்டு கையாலும் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே தட்டு. மடிப்பெல்லாம் பொலபொலவென்று விட்டுக்கொடுக்கும். பெர்த்தில் மலேசியாவிலிருந்து வரும் உறைய வைத்த ரொட்டி கிடைக்கிறது, மோசம் இல்லை. இந்தத் தட்டு அதில் கிடையாது. தோட்டத்துக் காலத்தில் ஒரு ரொட்டி 30 காசு. இன்று ஒன்றரை வெள்ளி, இரண்டு வெள்ளி. அவர் கைத்திறனைப் பார்த்தால் அதுவும் குறைச்சலாகத்தான் படுகிறது.

குழம்பும் அவர்தான் வைக்கிறார். முதலாளிக்கு முதுகு முடியவில்லை. “எங்க அத்தா கடையநல்லூர்ல இருந்து வந்தவரு. அவர் வச்ச குழம்பு எனக்குக் கை வந்துச்சு. என் மகன் சிங்கப்பூர்ல இன்ஜினியர், அவன் வந்து கல்லு முன்னாடி நிப்பானா? இப்ப இவன் கையிலதான் இருக்கு எல்லாம்” என்றார் என்னிடம். நாங்கள் சாப்பிட்டுப் பார்த்தோம். மீன் குழம்பில் புளியும் வெந்தயமும் நின்ற பதம், அப்பா கொண்டு வந்த பொட்டலத்தை அப்படியே நாக்குக்குக் கொண்டுவந்தது.

பினாங்கில் 2016 முதல் தெருக்கடைகளில் உள்ளூர் உணவு வகைகள் சிலவற்றை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி கெடாவுக்கும் வர வேண்டும் என்பது அண்ணன் கட்சி. “நம்ம சாப்பாட்ட நம்ம ஆளுங்கதான் செய்யணும். இல்லாட்டி இன்னும் இருபது வருஷத்துல எந்த ருசியும் மிஞ்சாது” என்றார். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்பதற்காக, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் பாக்கெட் மசாலாவைக் கையில் கொடுத்துக் கல் முன்னால் நிறுத்துகிற முதலாளிகள் இருக்கிறார்கள். அந்தக் கூலிக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வர மாட்டார்கள், தொழிலும் அவர்கள் கையை விட்டுப் போகும். அப்படிப்பட்ட கடைகளில் நானும் சாப்பிட்டுப் பாதியில் எழுந்திருக்கிறேன்.

ஆனால் குற்றம் பிறந்த ஊரிலா இருக்கிறது? ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்காகத் தோளில் தண்டு போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புச் சட்டியுமாகத் தெருத் தெருவாக நடந்து விற்றவர்கள் யார்? தென்காசிப் பக்கமும் ராமநாதபுரத்துப் பக்கமும் இருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். 1907-இல் தொடங்கிய ஹமீதியா நாசி கண்டார் கடை கேம்பல் ஸ்ட்ரீட்டில் இன்றும் நடக்கிறது. அதைத் தொடங்கியவர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தான். என் தாத்தா பால் வெட்டவும் இந்த முதலாளியின் அத்தா சோறாக்கவும் கப்பலேறித்தான் வந்தார்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே 1973 வரை ஓடிய ராஜுலா கப்பலின் பெயர் இரண்டு வீட்டிலும் புழங்கிய பெயர். அந்தக் காலத்தில் வந்து இறங்கியவன் சமைக்கக் கூடாது என்று யாராவது விதி போட்டிருந்தால், அண்ணன் காப்பாற்ற நினைக்கிற ருசி பிறந்தே இருக்காது. எத்தனை வருஷம் அடுப்பு முன்னால் நின்றார், யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், என்ன கூலி கொடுத்தார்கள் என்பதைப் பார்த்து விதி போடட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன். கடவுச்சீட்டைப் பார்த்துப் போட வேண்டாம்.

இதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. அண்ணி ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் பதில் சொல்லாமல் தே தாரிக்கை ஆற்றிக் குடித்தார்.

மறுநாள் காலை முதலாளி ஒரு கோப்போடு எங்கள் மேசைக்கு வந்தார். அண்ணன் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மலாயில் மனு எழுத வேண்டுமென்றால் தாமானில் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். அந்தப் பங்களாதேஷ்காரரின் வேலை அனுமதி முடியப் போகிறது, நீட்டிப்பு கேட்டு ஒரு கடிதம் வேண்டும். இவன் போய்விட்டால் கடையை மூடுவதைத் தவிர வழி இல்லை என்றார் முதலாளி. கடையை அவர் பெயருக்கே எழுதி வைக்கலாமா என்று கூட யோசித்திருக்கிறார். வெளிநாட்டு வேலையாளுக்கு உரிமம் கிடைக்காது என்பதால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தட்டை நகர்த்திவிட்டு, மேசையில் ஈரம் இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்து, தாளை விரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “அது வேற, இது வேற. சட்டம்னு வந்தா நான் சொன்னதுதான்” என்றார்.

“நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணே.”

“சும்மா இரு, எழுதணும்.” முதலாளியைப் பார்த்து, “எத்தனை வருஷமா இங்க வேலை? குழம்பு வைக்க ஆரம்பிச்சு எத்தனை வருஷம்? அதையும் போடணும். சும்மா வேலையாள்னு எழுதினா எடுபடாது. இந்தக் குழம்பு இந்த வட்டாரத்துல வேற யாருக்கும் வராதுன்னு தெளிவா எழுதுறேன்” என்றார்.

எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. இரண்டு தடவை அடித்துத் திருத்தினார். சத்தமாகப் படித்துக் காட்டினார், முதலாளி தலையாட்டினார். கல் முன்னால் நின்றவர் அங்கிருந்தே எட்டிப் பார்த்து, “அண்ணே, ஹபிஸ் சுடா?” என்று கேட்டார். முடிந்தது என்று கை காட்டிவிட்டு, அண்ணன் இன்னொரு ரொட்டி சொன்னார். முட்டை போட்டு, வெங்காயம் கூடுதலாக.